தொண்ணூற்றாறு மூடிகள்

நேர்காணலில் அந்த நெட்டை மனிதர் அவளிடம் நாயைப் பற்றிக் கேட்டார். வெயிலைப் பற்றிக் கேட்டார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்க முடியுமா, குனிந்து நிமிர்ந்தால் முதுகு வலிக்குமா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் உண்மையையே சொன்னாள். சிலந்தியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு வலியப் போய்ப் பதில் சொல்ல அவளுக்கு என்ன பைத்தியமா?

சொந்த நாட்டில் எட்டு வருடம் மின்கணக்கு எடுத்தவள் அவள். வீடு வீடாக ஏறி இறங்கி, மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. கடிக்க வருகிற நாய், காலை பத்து மணிக்கே தள்ளாடி வந்து வம்பிழுக்கிற ஆள், "போன மாசம் நாங்க வீட்லயே இல்ல, எப்படிம்மா இவ்ளோ யூனிட் வரும்?" என்று வாசலை மறித்து நிற்கிற பெண்கள், எல்லாரையும் பார்த்தாயிற்று. எட்டு வருடத்தில் ஒரு எண் தப்பியதில்லை. கல்யாணம் பேசி முடித்த அன்றே மாப்பிள்ளை அவளுக்கு 'மீட்டரம்மா' என்று பெயர் வைத்துவிட்டான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருட ஒப்பந்தத்தில் இந்த நாட்டுக்கு வந்தவன், கல்யாணமான ஏழாம் மாதம் அவளையும் அழைத்துக்கொண்டான். அவள் வந்து இறங்கிய மறுநாள் காலை குளியலறைக்குள் போனவள், போன வேகத்திலேயே திரும்பி வந்து அவன் முதுகில் ஏறிக்கொண்டாள். ஷவருக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சா?" என்று அவன் பிறகு கேட்டான். எல்லாரும் கேட்கிற கேள்விதான். எதுவும் நடக்கவில்லை. பாம்பைக் கண்டால் ஒதுங்கிப் போவாள். பல்லியோடு பேசவே செய்வாள். சிலந்தி என்றால் மட்டும் கழுத்துக்குப் பின்னால் ஜில்லென்று ஏறும், முழங்கால் தன்னுடையதாக இருக்காது. காரணம் சொல்லத் தெரியாத பயத்தை யாரும் மதிப்பதில்லை என்பதை அவள் எப்போதோ தெரிந்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகு தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அவன் ஒரு கையில் செருப்பும் மறு கையில் கண்ணாடி டம்ளருமாக அறை அறையாக ரோந்து போவான். சின்னது என்றால் டம்ளர், பெரியது என்றால் செருப்பு. "எல்லை பத்திரம், மகாராணி இறங்கலாம்" என்று அறிவித்துவிட்டுப் போவான். அவளும் சிரித்துவிட்டுக் கட்டிலை விட்டு இறங்குவாள். நான்கு மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் அவன் போன பிறகு சமையலறைக் கதவின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை அவள் சோபாவின் ஒரு மூலையில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அவன் வந்து அதை விரட்டிவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது, அவளுக்குத் தன்மேலேயே வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. 'தெரு நாய்க்கே வழிவிடாதவள், ஒரு பூச்சிக்காக எட்டு மணி நேரம் தாகத்தோடு இருந்தேனா?' அன்று இரவே உட்கார்ந்து, தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்க ஆள் தேவை என்ற விளம்பரத்துக்கு விண்ணப்பம் போட்டாள். மீட்டர் என்றால் சுவரில் இருக்கும். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் எல்லா மீட்டரும் கண் உயரத்தில், வெளிச்சத்தில், சுவரில்தான் இருந்தன.

வேலையில் சேர்ந்த முதல் நாள் மேற்பார்வையாளரான அதே நெட்டை மனிதர் அவளை ஒரு தெருவுக்கு அழைத்துப் போனார். அவள் வீட்டுச் சுவர்களை நோட்டம் விட்டபடி நடந்தாள். அவரோ நடைபாதையில் குனிந்து, புல்லுக்கு நடுவே கிடந்த ஓர் இரும்பு மூடியின் துளையில் கொக்கியை மாட்டித் தூக்கினார். உள்ளே முழங்கை ஆழத்துக்கு ஒரு பெட்டி. அடியில் மீட்டர். அதன்மேல் பஞ்சு பிய்த்துப் போட்டதுபோல வலை. வலைக்கு நடுவே, எட்டுக் காலையும் மடக்கிக்கொண்டு, வீட்டுக்காரர்.

அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"அதுங்க ஒண்ணும் பண்ணாது" என்றார் நெட்டை மனிதர். அந்த நாட்டு மொழியில் அவள் அப்போதுதான் தட்டுத் தடுமாறிப் பேசத் தொடங்கியிருந்தாள்; ஆனால் இது நன்றாகவே புரிந்தது. "கடிக்கிற வகை ரொம்ப அபூர்வம். அதுக்குத்தான் இந்தத் தடிச்ச கையுறை. வலையைத் துடைங்க, எண்ணைப் படிங்க, மூடியை மூடுங்க. அவ்வளவுதான்."

"எல்லாப் பெட்டியிலயும் இருக்குமா?"

"இல்லாத பெட்டியைப் பார்த்தா எனக்கும் சொல்லுங்க" என்று சொல்லி, தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

ஒவ்வொரு பெட்டிக்கும் கைக்கருவியில் ஆறு எண்களைப் பதிய வேண்டும். எண் கிடைக்காவிட்டால் அதற்கொரு காரணக் குறியீடு. ஒன்று என்றால் நாய். இரண்டு என்றால் மூடிமேல் வண்டி நிற்கிறது. நான்கு என்றால் மூடி திறக்கவில்லை. முதல் வாரம் அவள் நான்கை அழுத்தி அழுத்தியே பொத்தானைத் தேய்த்துவிட்டாள். கொக்கியை மாட்டுவாள், பாதி தூக்குவாள், கறுப்பாக ஏதாவது அசைந்தால் போட்டுவிட்டு, 'நான்கு'. ஒவ்வொரு நான்கும் பொய். எட்டு வருடம் மழையிலும் வெயிலிலும் காப்பாற்றிய பேரை ஒரே வாரத்தில் தன் விரலாலேயே அழித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நெட்டை மனிதர் கூப்பிட்டார். "ஒரே வாரத்துல நூத்தி எழுபது மூடி திறக்கலையா? இந்த ஊர் மூடியெல்லாம் உங்களப் பார்த்து வெட்கப்படுதா? இன்னும் ரெண்டு வாரம் பார்ப்பேன். ஒரு நாளைக்கு அஞ்சுக்கு மேல 'நான்கு' வந்தா, என்னால உங்களை வேலையில வெச்சுக்க முடியாது."

அன்று மாலை மாமியார் போன் ஸ்பீக்கரில் வந்தார். விஷயம் தெரிந்ததும் முதலில் ஒரு பெரிய சிரிப்பு.

"ஒரு பூச்சிக்கா இந்தப் பாடு? செருப்பைக் கழட்டி ஒரு போடு போட வேண்டியதுதானே!"

"அத்தை, நூறு பூச்சி. தினமும் நூறு."

"அப்ப ஒண்ணு பண்ணு. கிளம்பி இங்க வந்துடு. அவன் ஒப்பந்தம் முடிய இன்னும் ரெண்டு வருஷம்தானே, கண்ணை மூடித் திறந்தா ஓடிடும். என்னடா, நான் சொல்றது சரிதானே?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அந்த மௌனம் முள்ளாகக் குத்தியது.

போனை வைத்த பிறகு, "வேலைய வேணா விட்டுடேன். வேற ஏதாவது கிடைக்காமலா போயிடும்?" என்றான்.

"விட்டா எங்க போவேன்? அந்தச் சோபா மூலைக்கு. அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு. இதுல நீங்க தலையிடாதீங்க. இது எனக்கும் அதுக்கும் உள்ள கணக்கு."

அன்று அவள் அழுதபடியே தூங்கினாள். ஆனாலும் திங்கட்கிழமை கொக்கியும் கையுமாகத் தெருவில் நின்றாள்.

அந்தத் திங்கட்கிழமை ஓர் அதிசயம் நடந்தது. முதல் பெட்டி சுத்தம். இரண்டாவதும் சுத்தம். வலை இல்லை, காலில்லை, மீட்டர் கண்ணாடி பளபளவென்று இருந்தது. மத்தியானம் வரை சிலந்தியே கண்ணில் படவில்லை. அந்தத் தைரியத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு வந்த பெட்டிகளில் இருந்த சிறுசுகளைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்துவிட்டாள். நூற்று எட்டுப் பெட்டியில் மூன்றே மூன்று 'நான்கு'தான். செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. "அத்தை, நான் அதுங்களை ஜெயிச்சுட்டேன்" என்று போனில் பீற்றிக்கொண்டாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணெல்லாம் தூக்கம் சொக்க, தலையாட்டினான்.

பெட்டி மண்ணில் பிரஷ் இழுத்த கோடுகள் இருந்ததை அவள் பார்க்காமல் இல்லை. எண்ணைப் பார்த்தே பிழைக்கிறவளுக்கு எதுவும் கண்ணில் படாமல் போகாது. பார்க்க வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அதுதான் உண்மை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை நெட்டை மனிதர் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நேத்து நீங்க கணக்கெடுத்த தெருவுல ஒரு வீட்டுக்குக் காலையிலேர்ந்து தண்ணி வரல. பெரியவர் ஒருத்தர், தனியா இருக்கிறவர். போய்ப் பார்த்தா மீட்டர் பக்கத்துல இருக்கிற வால்வு மூடியிருக்கு. பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க, விடியறதுக்கு முன்னாடி ஓர் ஆள் தலையில டார்ச் கட்டிக்கிட்டு, நடைபாதையில குப்புறப் படுத்து, பெட்டிக்குள்ள பிரஷ்ஷால என்னமோ தேய்ச்சுக்கிட்டு இருந்தானாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

லிஃப்ட் தண்டவாளத்துக்குக் கிரீஸ் தடவுகிற நீளக் கைப்பிடி பிரஷ். தலையில் கட்டுகிற டார்ச். இரண்டும் அவள் வீட்டு வாசல் அலமாரியில்தான் இருந்தன. மறுநாள் போக வேண்டிய தெருக்களின் படத்தை அவள் ஒவ்வொரு மாலையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பாள். அவன் அதைப் பார்த்துப் போயிருக்கிறான்.

தெரியாது என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்திருக்கும். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது என் வீட்டுக்காரர். எனக்குச் சிலந்தின்னா பயம். எனக்காக முன்னாடியே போய்ச் சுத்தம் பண்ணியிருக்கார். பிரஷ் பட்டு வால்வு திரும்பியிருக்கும். நான் போகச் சொல்லல. ஆனா மண்ணுல கோடு இருந்துச்சு, பார்த்தும் பேசாம இருந்தேன். அது என் தப்பு. முதல் வாரம் போட்ட நான்கெல்லாமும் பொய்."

நெட்டை மனிதர் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். "நேர்காணல்ல ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

அவர் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டுப் போயிற்று. "உள்ளே உட்கார்ந்து பதிவு பண்ற வேலை ஒண்ணு காலியா இருக்கு. மேசை, நாற்காலி, மூடியே கிடையாது. அதுக்கு உங்களை எழுதிடவா?"

ஒரு நிமிடம் அந்த நாற்காலி அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. மெத்தென்ற நாற்காலி. காலை மடக்கிக்கொண்டு உட்காரலாம்.

"வேண்டாம். நான் படிச்ச எண்ணுல ஒண்ணாவது தப்பா இருக்கா?"

அவர் கருவியின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். "ஒண்ணுகூட இல்ல."

"அப்ப எனக்கு ஒரு நாள் குடுங்க. அவர் தொடாத தெருவாக் குடுங்க."

கால்வாய்க்குப் பின்னால் இருக்கிற பழைய தெருவைக் கொடுத்தார். ஆறு மாதமாக யாரும் திறக்காத பெட்டிகள், தொண்ணூற்றாறு. "நாளைக்கு ஒரு பொய் நான்கு வந்தாலும் நீங்க வரவேண்டாம். கருவியை மட்டும் கொடுத்தனுப்புங்க" என்றார்.

மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தான்.

"காலையில அஞ்சு மணிக்கு எங்க போறீங்க?"

"ஒரு ஆஸ்பத்திரில லிஃப்ட்டு மக்கர் பண்ணுது..."

"எந்த லிஃப்ட்டு நடைபாதையில படுத்துக் கிடக்கு?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"எத்தனை பெட்டி?"

"தினமும் ஒரு அறுபது இருக்கும். மீதியெல்லாம் நீயேதான் பாத்தே!" ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னான்.

"ஒரு பெரியவருக்கு நாள் பூரா தண்ணி இல்ல, தெரியுமா? வால்வைத் திருப்பி வெச்சிருக்கீங்க."

அவன் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ. சத்தியமா எனக்குத் தெரியாது. நான் போய் அவர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வரேன்."

"கேளுங்க. அப்புறம் என்கிட்டயும் கேளுங்க. தலையிடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? நான் ஜெயிச்சுட்டேன்னு அத்தைகிட்ட குதிச்சேனே, நீங்களும் பக்கத்துல உக்காந்து பொம்மை மாதிரி தலையாட்டினீங்களே! என்னை எவ்ளோ முட்டாளாக்கிட்டீங்க!"

"நீ அழுதுட்டே தூங்கினே. அதைப் பாத்துட்டு எப்படிடி நான் படுத்திருக்கிறது?"

"அழுதா அழுதுட்டுப் போறேன்!"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "அம்மா அன்னைக்கு உன்னைக் கூப்பிட்டப்ப நான் வாயைத் திறக்கல. போன்னு சொல்ல மனசு வரல. போகாதேன்னு சொன்னா, உன்னை இந்தப் பயத்துலயே கட்டிப்போட்டு வெக்கிற மாதிரி இருந்துச்சு. நீ போயிடுவியோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு, மீட்டரம்மா. வேற என்ன பண்றதுன்னு தெரியல."

அவள் கோபம் ஒரு படி இறங்கியது. ஆனால் வாசலைத் தாண்டிப் போய்விடவில்லை.

"உங்க பயத்துக்கு என் பெட்டியைத் திறந்தா எப்படி? இந்த நாட்டுல எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு சண்டைதான். அதையும் நீங்களே போட்டுட்டா நான் எதுக்கு இங்க இருக்கேன்? நாளைக்கு நீங்க அந்தப் பக்கமே வரக்கூடாது."

"வரல. உன்மேல சத்தியம்."

"என்மேல வேண்டாம். உங்க லிஃப்ட்டு மேல பண்ணுங்க."

அவன் லிஃப்ட் மேல் சத்தியம் செய்தான். அப்படியும் அவள் பிரஷ்ஷையும் டார்ச்சையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

மறுநாள் எட்டு மணிக்குக் கால்வாய்த் தெருவில் முதல் மூடியைத் தூக்கினாள். வலை கம்பளி மாதிரி தடித்திருந்தது. உள்ளே ஒன்றல்ல, மூன்று. வாய்விட்டுக் கத்தினாள். கத்தியபடியே துணியால் வலையைச் சுருட்டி எறிந்தாள், கத்தியபடியே எண்ணைப் பார்த்தாள், ஆறு எண்ணையும் பதிந்துவிட்டு மூடியைப் படாரென்று போட்டாள். ஒன்று முடிந்தது. மிச்சம் தொண்ணூற்றைந்து.

பத்துப் பெட்டிக்குள் தொண்டை கட்டிவிட்டது. கத்த முடியாமல் போனதும் திட்ட ஆரம்பித்தாள். "நகருடி அந்தப் பக்கம். வாடகை குடுக்கிறியா நீ? ஆறு மாசமா ஓசியில இருந்துக்கிட்டு என்னையே முறைக்கிறியா?" அந்தத் தெருவில் யாருக்கும் தமிழ் தெரியாது என்பது பெரிய வசதி. இருபதாவது பெட்டியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முப்பதாவதில் ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயம் குறைகிறதா என்று தன்னைத் தானே சோதித்துப் பார்த்தாள். எள்ளளவும் குறையவில்லை. முதல் பெட்டியில் இருந்த அதே ஜில்லிப்பு, அதே முழங்கால். 'சரி, இரு. நீ பாட்டுக்கு இரு, நான் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறேன்' என்று அதையும் திட்டிவிட்டு நடந்தாள்.

நாற்பத்தொன்றாவது பெட்டியில் இருந்தது பெரியது. வலையில் இல்லை, மீட்டர் கண்ணாடியின் மேலேயே, ஆறு எண்ணையும் மறைத்தபடி, காலை விரித்து உட்கார்ந்திருந்தது. துணியை வீசினாள், அசையவில்லை. கொக்கியால் தள்ளினால் கண்ணாடி உடையும். கட்டைவிரல் தன்னையறியாமல் கருவியில் நான்கின் மேல் போய் நின்றது.

அப்போதுதான் நிமிர்ந்தாள். தெருமுனையில் குறுக்கே ஓடிய பெரிய சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு வேன். பக்கத்தில் அவன்.

"அந்தப் பக்கம் வரல!" என்று அங்கிருந்தே கத்தினான். இரண்டு கைகளையும் உயர்த்தி, ஒன்றுமில்லை என்று காட்டினான். "இந்தப் பக்கம்தான் நிக்கிறேன்!"

"அங்கேயே நில்லுங்க! ஓர் அடி எடுத்து வெச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

அவள் மண்டியிட்டாள். கையுறை போட்ட வலது கையைப் பெட்டிக்குள் விட்டு, விரல்களைக் கண்ணாடியோடு ஒட்டி மெதுவாகத் தள்ளினாள். அது நகர்ந்து ஓடும் என்று நினைத்தாள். அது அவள் கையில் ஏறிற்று. ஒவ்வொரு காலாக, அவசரமே இல்லாமல், கையுறையின் மேல் ஏறி உட்கார்ந்தது.

எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று அவளுக்கே தெரியாது. கட்டிய தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. சாலைக்கு அப்பால் அவன் ஓர் அடி முன்னால் வைத்தான், அப்படியே நின்றான், வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். வேன் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

அவள் கையை உதறவில்லை. உதறினால் அது எங்கே போய் விழும் என்று தெரியாது. கையிலே இருந்தாலாவது எங்கே இருக்கிறது என்று தெரியும். வலது கையை விறைப்பாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து உரக்கப் படித்தாள். "பூஜ்யம்! மூணு! ஒம்பது! ஒண்ணு! ஒண்ணு! ஏழு!" ஒவ்வொரு எண்ணும் திட்டுகிற மாதிரியே வந்தது. இடது கையால் பதிந்தாள். பிறகு வலது கையைப் புல்லோடு ஒட்டி வைத்து, கண்ணில் தண்ணீர் வழிய, அது இறங்கிப் போகும்வரை காத்திருந்தாள். அதற்கு ஒன்றும் அவசரமில்லை. இறங்கிப் போயிற்று.

மூடியைப் போட்டுவிட்டு, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எதிர்ப்புறம் அவன் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு வேலை இல்லையா?" என்று கத்தினாள்.

"லீவு போட்டுட்டேன்!"

"அப்ப தண்ணியாவது வாங்கிட்டு வாங்க! அந்த முனைக்கு வந்து வெச்சுட்டு, திரும்பிப் பார்க்காம போயிடணும்!"

அவன் அப்படியே செய்தான். அவள் பாட்டிலைக் காலி செய்துவிட்டு நாற்பத்திரண்டாவது மூடிக்குப் போனாள். தொண்ணூற்றாறாவது மூடியைப் போட்டபோது மணி ஐந்தரை. நான்கு என்ற பொத்தானை ஒரு தடவைகூடத் தொடவில்லை.

நெட்டை மனிதர் கருவியை வாங்கி எண்களை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சில எண்களைப் பழைய பதிவோடு ஒப்பிட்டார். பிறகு, "குரலுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"வேலை பார்த்தேன்" என்றாள் அவள், காற்றுக் குரலில்.

அவர் இழுப்பறையிலிருந்து அடுத்த வாரத் தெருக்களின் படத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். கால்வாய்க்குப் பின்னால் இன்னும் நான்கு பழைய தெருக்கள் இருந்தன. நான்கும் அவள் பேரில்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் போனில் வந்தார். பெரியவர் வீட்டுக்கு மன்னிப்பு கேட்கப் போன மகன், அவர் வீட்டுக் குழாய் இரண்டையும் பழுது பார்த்துக் கொடுத்துவிட்டு வந்த கதையை முதலில் கேட்டுக்கொண்டார். பிறகு மருமகளின் கதையை, நாற்பத்தொன்றாவது பெட்டி உட்பட, முழுவதும் கேட்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அப்ப பயம் விட்டுப் போச்சுன்னு சொல்லு."

"எங்க அத்தை? அப்படியேதான் இருக்கு. காலையிலகூட பாத்ரூம்ல ஒண்ணப் பாத்துக் கத்தினேன். நானே டம்ளர் போட்டு மூடி, வெளியில கொண்டுபோய் விட்டேன். உங்க பிள்ளை ஹால்ல நின்னு கைதட்டினாரு."

"அப்ப எதுக்குடி அங்க இருந்து அவஸ்தைப்படறே? டிக்கெட் போடச் சொல்லவா?"

"போடுங்க அத்தை. உங்களுக்குப் போடுங்க. ஒரு ரெண்டு மாசம் வந்து எங்ககூட இருங்க. நான் எங்கேயும் வரதா இல்ல."

மாமியாரின் குரல், பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலத் தணிந்து வந்தது.

"அது எவ்ளோ பெருசு இருக்கும்?"